இராமன் விளைவு நூற்றாண்டைத் திட்டமிடுவோருக்கு: ஒலிக்கென்று ஒரு கூடம் வேண்டும்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மையத்தின் பொறுப்பாளர்களுக்கும், 2028ஆம் ஆண்டு இராமன் விளைவு நூற்றாண்டை ஒட்டிக் கண்காட்சிகளும் அரங்குகளும் அமைக்கவிருக்கும் மற்ற அனைவருக்கும்,

வணக்கம்.

சர் சி.வி. இராமன் கல்கத்தாவில் ஒளிச்சிதறல் விளைவைக் கண்டறிந்தது 1928 பிப்ரவரி 28 அன்று. 1987 முதல் அந்த நாளைத் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடிவரும் நாட்டில், நூற்றாண்டு நிறைவும் சிறப்பாகவே நடக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. சிலைக்கு மாலை, பச்சை லேசர், நிறமாலை காட்டும் பெட்டி, மாவட்டந்தோறும் வினாடி வினா எல்லாம் இருக்கும், இருக்கட்டும். இவற்றோடு சேர்த்து ஒலிக்கென்று நிலையான ஒரு கூடத்தை அமைக்க வேண்டும் என்றும், வரலாற்றில் இடம்பெற்ற இயற்பியல் சோதனைகள் சிலவற்றை, வருகிறவர்கள் தம் கையாலும் காதாலும் செய்துபார்க்கும் ஒலிக்கலைப் படைப்புகளாக அதில் நிறுவ வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். இராமன் பிறந்த திருவானைக்காவல் இருக்கும் திருச்சியில், அண்ணா அறிவியல் மையத்தில் அது அமைந்தால் மிகப் பொருத்தம். கோட்டூர்புரத்தில் அமைந்தாலும் மகிழ்ச்சியே.

ஒளிக்கு நோபல் பரிசு பெற்றவரின் நூற்றாண்டில் ஒலிக்கு என்ன வேலை என்று தாங்கள் கேட்கலாம். இராமன் ஒளியின் பக்கம் முழுமையாகத் திரும்பியது பிற்பாடுதான். 1907இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா சென்றவர், அலுவலக நேரத்துக்கு முன்னும் பின்னும் பௌபஜார் தெரு 210ஆம் எண் கட்டடத்தில் இயங்கிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வகத்தில் செலவிட்ட ஆண்டுகளில், அவர் உழைப்பின் பெரும்பகுதி இசைக்கருவிகளின் தந்திகளுக்கும் தோல்களுக்கும்தான் போயிற்று. வில்லால் இழுக்கப்படும் தந்திகளின் அதிர்வைப் பற்றிய நீண்ட ஆய்வுரை 1918இல் வந்தது. இயந்திரத்தால் வாசிக்கப்படும் வயலினைக் கொண்டு செய்த சோதனைகள் 1920இல் வெளியாயின. அதே ஆண்டு சிவகாளி குமாருடன் சேர்ந்து நம் தாளக்கருவிகளைப் பற்றி நேச்சர் இதழில் எழுதினார். அடுத்த ஆண்டு வீணையும் தம்பூராவும் ஆய்வுப் பொருளாயின. 1921இல் இங்கிலாந்து சென்றபோது இலண்டன் புனித பால் பேராலயத்தின் கிசுகிசு மாடத்தில் சதர்லாந்து என்பவருடன் ஒலிச் சோதனை நடத்தினார். அந்தப் பயணத்தின் கப்பலில்தான் மத்தியதரைக் கடலின் நீலம் அவரை ஒளிச்சிதறலின் பக்கம் இழுத்தது. 1927இல் ஜெர்மானியர்கள் தங்கள் பெரிய இயற்பியல் கையேட்டுத் தொகுதியில் இசைக்கருவிகளைப் பற்றிய பகுதியை எழுதும் பொறுப்பை அவரிடம் கொடுத்தார்கள் என்றால், அன்றைய ஐரோப்பா அவரை எதற்காக முதலில் அறிந்திருந்தது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். நோபல் பரிசுக்குப் பிறகும், 1934இல், மிருதங்கத்துக்கும் தபலாவுக்கும் மீண்டும் வந்தார்.

நூற்றாண்டு அரங்குகளில் இந்தப் பகுதி விடுபட்டுப்போகும் என்று அஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒளியைப் படம் பிடிக்கலாம். திறப்பு விழாப் புகைப்படத்தில் லேசர் நன்றாக விழும். ஒலிக்கு அந்த வசதி இல்லை. அதனால் ஒலி என்று ஒரு பகுதி அமைத்தாலும் அது திரைக்குள் போய்விடுகிறது. ஊர்ப் பெயர் வேண்டாம். ஒரு காட்சியகத்தில் தொடுதிரையில் வீணையின் படத்தை வைத்திருந்தார்கள். வீணைத் தண்டில் எந்த மெட்டைத் தொட்டாலும் அதற்குரிய சுரம், முன்பே பதிவுசெய்த ஒலியில், பழுதின்றி வந்தது. விரலை அழுத்தித் தொட்டாலும் மெல்லத் தொட்டாலும், தந்தியைத் தாங்கும் குதிரைக்கு அருகே தொட்டாலும் தந்தியின் நடுவே தொட்டாலும் அதே ஒலி. சிறுவர்கள் வரிசையில் நின்று ஆளுக்கு நான்கு தடவை தட்டிவிட்டு நகர்ந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அதற்குமேல் அதில் கேட்க ஒன்றும் இல்லை. கையை அசைத்தால் உணரி உணர்ந்து இசை எழுப்பும் அமைப்புகளும் இப்போது பல இடங்களில் வந்துவிட்டன. அவற்றிலும் கைக்கும் ஒலிக்கும் இடையே எழுதிவைத்த மென்பொருள் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அது என்ன செய்கிறது என்பது வருகிறவருக்கு என்றைக்கும் தெரியப்போவதில்லை.

ஆகவே, புதிய கூடத்தில் எதை வைக்கலாம், எதைத் தள்ளலாம் என்பதற்கு ஒரே ஓர் அளவுகோலை முன்வைக்கிறேன். வருகிறவர் கைவைத்தால் கெட்ட ஒலியும் வரக்கூடிய கருவியாக அது இருக்க வேண்டும். கரகரப்பு, மந்தம், தாளப் பிசகு ஆகியவற்றுக்கு அதில் இடம் வேண்டும். அவற்றிலிருந்து நல்ல ஒலிக்கு வரும் வழியை அவரே கேட்டுக் கேட்டுக் கண்டுபிடிக்கும்படி இருக்க வேண்டும். சோதனை செய்த பழைய இயற்பியலாளர்கள் அனைவரும் அந்த வழியாகத்தான் போனார்கள். நான் சொல்லும் படைப்புகளுக்கு வேறு தகுதி எதுவும் தேவையில்லை.

நம் வீட்டிலேயே இருக்கும் ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். தமிழ்நாட்டில் அறிவியல் பிரிவில் படித்தவர்களுக்குச் சுரமானி தெரியும்: நீண்ட மரப்பெட்டி, அதன்மேல் ஒரு கம்பி, நகர்த்தக்கூடிய இரண்டு கத்திமுனைகள், கம்பியின் ஓரத்தில் தொங்கும் எடைத்தாங்கி. இசைக்கவையைத் தட்டிப் பெட்டியின்மேல் ஊன்றி, கத்திமுனைகளை நகர்த்தி நகர்த்தி, கம்பியின்மேல் மடித்து உட்காரவைத்த காகிதத் துண்டு துள்ளி விழும் இடத்தைத் தேடுவோம். கல்லூரிக்கு வந்தால் அதே பெட்டியில் பித்தளைக் கம்பியைப் பூட்டி, இறக்கு மின்மாற்றியிலிருந்து மாறுமின்னோட்டத்தை அதில் செலுத்தி, நடுவில் இலாட காந்தத்தை நிறுத்தி, மின்னோட்டத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் என்ற விடையை வரவழைப்போம். விடை முன்பே தெரியும் என்பதால் மாணவர்கள் அட்டவணையைப் பின்னாலிருந்து நிரப்புவதும் உண்டு. ஆசிரியர்களுக்கு அது தெரியாமல் இல்லை.

அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இசையமைப்பாளர் ஆல்வின் லூசியரும் இயற்பியலாளர் ஜான் டிரெஃப்னியும் சேர்ந்து இசை ஒலியியல் வகுப்பு ஒன்றை நடத்தினார்கள். அந்த வகுப்பில் ஒற்றைத் தந்திக் கருவியையும் காந்தத்தையும் வைத்து அவர்கள் செய்துகாட்டிய சோதனை, அடிப்படையில் நம் கல்லூரிச் சுரமானிச் சோதனையின் உறவுதான். லூசியர் அதை அங்கேயே விட்டுவிடவில்லை. கம்பியைக் கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நீட்டினார். ஒரு முனையருகே பெரிய காந்தத்தின் துருவங்களுக்கு இடையே அதைச் செலுத்தினார். அலையியற்றியிலிருந்து ஒரே அதிர்வெண்ணில் மின்னோட்டம் பாய்ச்சினார். இரு முனைகளிலும் கம்பியைத் தாங்கும் மரக் குதிரைகளில் ஒலிவாங்கிகளைப் பதித்து ஒலிபெருக்கிகளுக்கு இணைப்புக் கொடுத்தார். 1977இல் உருவான இந்தப் படைப்புக்கு ‘நீண்ட மெல்லிய கம்பியில் இசை’ என்பது பெயர். தொடக்கத்தில் ஆட்களை வைத்து அதை வாசிக்கவும் முயன்றார்கள். பிறகு லூசியர், கம்பியை ஒரு நிலையில் அமைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்வதே நல்லது என்ற முடிவுக்கு வந்தார். ஏனென்றால், உள்ளே செல்லும் அலை மாறாமல் இருந்தாலும் வெளியே வரும் ஒலி மாறிக்கொண்டே இருந்தது. அறையின் வெப்பம் சற்று ஏறினால் கம்பியின் இழுவிசை தளர்கிறது. காற்று வீசினாலும், பக்கத்தில் ஒருவர் நடந்தாலும், ஒலி கலைந்து வேறொரு மேற்சுரத்தில் போய் நிற்கிறது. 1979இல் அல்புகர்க்கி நகரின் வணிக வளாகம் ஒன்றில் இதை நிறுவி, அதன் ஒலியை ஐந்து நாள் இரவும் பகலும் வானொலியில் ஒலிபரப்பியிருக்கிறார்கள்.

இதைக் கூடத்தின் முதல் படைப்பாக வைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். இருபது மீட்டர் நீளத்துக்குக் கம்பி போதும். அதிர்வெண்ணை மெல்ல மாற்றும் குமிழ் ஒன்றை வருகிறவர் கையில் கொடுத்துவிட்டு, திருப்பியபின் சற்று நேரம் கையை எடுத்துக் காத்திருக்கச் சொல்லலாம். கம்பிக்குக் கீழே, ஏதாவது ஓர் அரசுக் கல்லூரி ஆய்வகத்தில் கழித்துப் போட்ட பழைய சுரமானியை அப்படியே வைத்தால் விளக்கப் பலகையில் பாதியை எழுத வேண்டியிராது. தேர்வுக்காக 50 என்று எழுதிவிட்டு வந்தவர்கள், தாங்கள் அன்று எதைக் கேட்காமல் விட்டார்கள் என்பதை இங்கே நின்று கேட்கலாம்.

அடுத்தது கலிலியோவின் சாய்தளம். 1638இல் வெளியான தம் நூலில், மரப்பலகையில் வெட்டிய வழவழப்பான பள்ளத்தில் வெண்கலக் குண்டை உருட்டி, கடந்த தொலைவு காலத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது என்று அவர் காட்டினார். பாத்திரத்திலிருந்து வடிந்த நீரை எடைபோட்டுக் காலத்தை அளந்ததாக எழுதியிருக்கிறார். அவருடைய கையெழுத்துக் குறிப்புகளை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ஸ்டில்மன் டிரேக், 1975இல் வேறொரு கருத்தைச் சொன்னார். பலகையின் குறுக்கே நரம்பு வளையங்களைக் கட்டி, குண்டு அவற்றின்மேல் ஏறி இறங்கும் தட்டொலி ஒரு பாட்டின் தாளத்தோடு சேரும்வரை வளையங்களை நகர்த்தியே கலிலியோ இடங்களைக் கண்டிருக்க வேண்டும் என்பது அவர் ஊகம். கலிலியோவின் தந்தை வின்சென்சோ தொழில்முறை இசைக்கலைஞர். தந்தியின் இழுவிசைக்கும் சுரத்துக்கும் உள்ள உறவைச் சோதித்தவர். (இராமனின் தந்தையும் வயலின் வாசித்தவர் என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.) பிளாரன்ஸ் நகரின் கலிலியோ அருங்காட்சியகத்தில் மணிகள் பொருத்திய சாய்தளம் ஒன்று இருக்கிறது; அது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாடம் நடத்துவதற்காகச் செய்யப்பட்டது. கலிலியோவே மணி கட்டினார் என்று நம் பலகையில் தவறியும் எழுதிவிடக் கூடாது.

நம் கூடத்துக்கு ஐந்து மீட்டர்ப் பலகையும் நகர்த்தக்கூடிய ஐந்து சிறு மணிகளும் வேண்டும். வருகிறவரிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: மணிகள் சீரான தாளத்தில் ஒலிக்கும்படி அவற்றை வையுங்கள். முதலில் யாரும் சம இடைவெளியில் வைப்பார்கள். குண்டு கீழே போகப் போக மணிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தடித்துக்கொண்டு ஒலிக்கும். கையால் தாளம் போட்டுக்கொண்டு கீழ்மணிகளைத் தள்ளித் தள்ளி வைத்துக் கடைசியில் சரியாக வரும்போது, அளவுகோலைப் பார்த்தால் மணிகள் 20, 80, 180, 320, 500 செ.மீ. என்ற இடங்களுக்கு அருகே நின்றிருக்கும். இடைவெளிகள் 1, 3, 5, 7, 9 என்ற விகிதத்தில் இருக்கும். இதற்குப் பிறகுதான் அந்தக் கருவியின் சிறப்பே வெளிப்படும். பலகையின் சாய்வைச் சற்றுக் கூட்டிக் குண்டை மீண்டும் விட்டால் காலப்பிரமாணம் விறுவிறுப்பாகிவிடும். தாளமோ சீராகவே இருக்கும், ஒரு மணியையும் நகர்த்த வேண்டியிராது. விளம்ப காலத்திலிருந்து துரிதத்துக்குப் போவதை அறிந்த நம் ஊர்க் காது இதை வாய்பாட்டுக்கு முன்பே புரிந்துகொள்ளும். தவிலும் மிருதங்கமும் பயிலும் பிள்ளைகள் இந்தப் பலகையை இயற்பியல் மாணவர்களைவிட விரைவாகத் தீர்ப்பார்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

மிருதங்கத்துக்கு வருகிறேன். இந்தக் கூடத்தின் நடுவிடம் அதற்கே உரியது. வட்டமாக இழுத்துக் கட்டிய வெறும் தோலைத் தட்டினால், அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்தெழும் மேற்சுரங்கள் 1.59, 2.14, 2.30, 2.65 என்று ஒழுங்கற்ற மடங்குகளில் அமைகின்றன. அதனால்தான் பொதுவாக முரசுகளில் ஓசை இருக்கும், தெளிவான சுருதி இருக்காது. மிருதங்கத்தின் வலப்பக்கத் தலையான வலந்தலையின் நடுவே இடப்படும், சாதம் எனப்படும் கருநிறப் பூச்சு இந்தக் கணக்கை மாற்றிவிடுகிறது. தோலின்மேல் நுண்மணலைத் தூவித் தட்டிப் பார்த்த இராமன், ஒன்பது அதிர்வு வகைகள் 1, 2, 3, 4, 5 என்ற ஐந்து முழுமடங்குச் சுரங்களுக்குள் வந்து அடங்கிவிடுவதைக் காட்டினார். தந்திக்கு இயல்பாக அமைந்த ஒழுங்கை ஒரு தோலுக்கு வரவழைத்திருக்கிறார்கள். அதை வரவழைத்தவர்கள் கணக்குப் போட்டவர்கள் அல்லர். கிட்டான் கல்லைப் பொடித்து, சோற்றோடு பிசைந்து, மெல்லிய படலமாகப் பூசி, கல்லால் தேய்த்து, தட்டிக் கேட்டு, மீண்டும் பூசி, மீண்டும் தேய்த்து, காது ஒப்புக்கொள்ளும்வரை அடுக்கிக்கொண்டே போகும் கைவினைஞர்கள்.

இதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து விளக்கம் எழுதுவதில் பயனில்லை. ஒரே அளவுள்ள ஐந்து பலாக் கட்டைகளை வரிசையாக நிறுத்தி, முதலாவதில் சாதமே போடாத மூட்டும் (கட்டையின்மேல் பூட்டும் தோல் தலை), ஐந்தாவதில் முடிந்த மூட்டும், இடையில் உள்ள மூன்றில் வேலையின் மூன்று கட்டங்களும் இருக்கும்படி செய்யச் சொல்லலாம். வருகிறவருக்கு ஒரே ஒரு சொல்லைக் கற்றுக்கொடுத்தால் போதும்: மோதிர விரலைச் சாதத்தின் ஓரத்தில் மெல்ல ஊன்றி, ஆள்காட்டி விரலால் விளிம்பில் அடிக்கும் ‘நம்’. அந்த மோதிர விரல் தோலின் குறுக்கே அசையாத கோடு ஒன்றை உண்டாக்குகிறது; அடிப்படைச் சுரம் அடங்கி, இரண்டாவது சுரம் மேலெழுகிறது. முதல் தலையில் எப்படி அடித்தாலும் ‘தொப்’ என்றுதான் வரும். ஒவ்வொரு தலையாக நகர நகர ஓசை திரண்டு சுருதியாவதைக் கேட்கலாம். ஐந்தாவதிலும் விரலைத் தவறான இடத்தில் அழுத்தி வைத்தால் ஒன்றும் வராது. பக்கத்தில் ஒரு கிண்ணம் மணலும் ஒரு சிறு பிரஷும் இருக்கட்டும்.

இந்தப் படைப்பின் பலகையில் இராமனின் பெயர் எழுதும் அதே அளவு எழுத்தில், அந்த ஐந்து மூட்டுகளையும் செய்தவரின் பெயரும் இருக்க வேண்டும் என்று குறிப்பாக வற்புறுத்துகிறேன். தலைமுறை தலைமுறையாக இத்தொழிலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவக் குடும்பத்தினர். வாசிப்பவர்களின் படங்கள் சபாக்களின் சுவர்களில் நிறைந்திருக்கின்றன. செய்தவர்களின் பெயரைச் சொல்லும் பலகையை நான் எங்கும் கண்டதில்லை. அறிவியல் மையமாவது அதைச் செய்யலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இராமனின் இயந்திர வயலினில் வில் அசையாமல் நிற்க, வயலின் தண்டவாளத்தின்மேல் முன்னும் பின்னும் நகர்ந்தது. வில்லின் அழுத்தத்தை எடைகளால் மாற்ற முடிந்தது. சக்கரத்தைச் சுற்றி வேகத்தையும், எடையை நகர்த்தி அழுத்தத்தையும் வருகிறவரே மாற்றும்படி அதை மீட்டெடுத்தால், அழுத்தம் குறைந்தால் ஒலி நழுவுவதும், மிகுந்தால் கரகரப்பதும், குதிரையை நெருங்க நெருங்கக் கூடுதல் அழுத்தம் தேவைப்படுவதும் தாமாகவே விளங்கும். தம்பூரா ஒன்றும் வேண்டும். தந்தியைச் சரியாக நடுவில் மீட்டினால் முதல் மேற்சுரம் எழக் கூடாது என்பது தாமஸ் யங் காலத்திலிருந்து வரும் விதி. குதிரைமேல் ஜீவா நூலைச் சரியான இடத்தில் செருகிவிட்டால், எழக் கூடாத அந்தச் சுரம் கணீரென்று எழுகிறது. 1921இல் இராமனை வியக்கவைத்தது இதுதான். நூலைச் செருகவும் எடுக்கவும் பொதுமக்களை அனுமதிக்க வேண்டும். நூல்கண்டு விலை அதிகமில்லை. எர்ன்ஸ்ட் கிளாட்னி 1787இல் வெளியிட்ட மணற்கோலச் சோதனையை எல்லா மையங்களும் செய்கின்றன. ஆனால் அநேகமாக ஒலிபெருக்கியின்மேல் தகட்டைப் பொருத்திப் பொத்தானை அழுத்தச் சொல்லிவிடுகிறார்கள். கிளாட்னி வயலின் வில்லால் தகட்டின் விளிம்பை இழுத்தார். விரலால் விளிம்பில் தொடும் இடத்தை மாற்றினால் கோலம் மாறியது. வில்லையே கொடுங்கள்.

பாரீஸின் நீர்க்குழாய்களில் 1808இல் ழான் பாப்திஸ்ட் பியோ ஒலியின் வேகத்தை அளந்ததை நினைவூட்டும் ஒரு படைப்பு மிக மலிவாகவே முடியும். எழுபது மீட்டர் பிளாஸ்டிக் குழாயைச் சுருட்டி, ஒரு முனையை வாயருகேயும் மறுமுனையைக் காதருகேயும் அமைத்தால், திருச்சி வெயிலில் விநாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் போகும் ஒலி, பேசியதிலிருந்து 0.2 விநாடி கழித்துக் காதுக்கு வரும். தன் குரலே அந்த அளவு பிந்திக் கேட்டால் மனிதருக்கு நாக்குக் குழறுகிறது. திருக்குறள் ஒன்றை ஒப்பிக்கச் சொல்லிப் பாருங்கள். சிரிப்பொலிக்குத் தனியே ஏற்பாடு தேவைப்படாது.

இவை அறிவியலா, கலையா என்ற கேள்வி கோப்புகளில் எழும் என்று தெரியும். எந்தத் தலைப்பில் நிதி ஒதுக்குவது என்ற சிக்கலும் அதனோடு வரும். 1821இல் இலண்டனில் சார்லஸ் வீட்ஸ்டன் என்ற இளைஞர், கூரையிலிருந்து கம்பியில் தொங்கிய யாழ் ஒன்று தானே இசைப்பதாகக் காட்சி நடத்தினார். மேல்மாடியில் வாசித்த கருவிகளின் அதிர்வு, கம்பி வழியே இறங்கி யாழின் உடலில் ஒலித்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு அது அற்புதம். திடப்பொருளில் ஒலி செல்லும் விதத்தை ஆராய்ந்தவருக்கு அது சோதனை. 1834இல் அவர் கிங்ஸ் கல்லூரியில் பேராசிரியரானார். நம் காலத்தில், இயற்பியலாளர் பிராங்க் ஓப்பன்ஹைமர் 1969இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய எக்ஸ்புளோரடோரியம், 1970களிலிருந்தே கலைஞர்களை உள்ளே தங்கவைத்து அறிவியலாளர்களோடு வேலை செய்ய வைத்தது. அதன் பயனாக 1986இல் அந்நகரின் கடற்கரையில் எழுந்த அலை ஆர்கன், இடித்த கல்லறைத் தோட்டத்தின் கற்களுக்கு இடையே குழாய்களைப் பதித்துக் கட்டப்பட்டது. இன்றும் கடலின் ஏற்றவற்றத்துக்கு ஏற்ப முணுமுணுக்கிறது. அந்த மையம் தன் காட்சிப்பொருள்களைச் செய்யும் முறையையும் நூலாக வெளியிட்டுப் பிறர் செய்துகொள்ள விட்டது. தாங்களும் வரைபடங்களைத் தமிழில் வெளியிட்டால், சாய்தளப் பலகையை எந்த அரசுப் பள்ளியும் உள்ளூர்த் தச்சரைக் கொண்டு செய்துகொள்ளும்.

இரைச்சல் பற்றிய அச்சம் நியாயமானது. இத்தனை கருவிகளையும் ஒரே கூடத்தில் திறந்துவைத்தால் சந்தைக்கடைதான். நீண்ட கம்பிக்குத் தனியறை வேண்டும். மிருதங்க வரிசைக்கும் தகட்டுக்கும் நடுவே தடித்த சுவர் வேண்டும். கூரையில் ஒலி உறிஞ்சும் பொருள் வேண்டும். கட்டட வரைபடம் போடும் நாளிலேயே இதற்கு இடம் விடாவிட்டால் பிறகு திரைச்சீலை தொங்கவிட்டுத் தீராது. பார்வையற்றவர்களுக்கு வழக்கமான அறிவியல் மையத்தில் கிடைப்பது மிகக் குறைவு. இந்தக் கூடத்தில் மற்றவர்களைவிட அவர்களுக்கே அதிகம் கிடைக்கலாம், பிரெயில் பலகைகளும் நடைபாதைக் கோடும் இருந்தால். காது கேளாதவர்கள் சுரமானிப் பெட்டியிலும் தகட்டிலும் கைவைத்து அதிர்வை உணரும்படி உயரத்தை அமைக்க வேண்டும்.

பழுதைப் பற்றிய அச்சம் இதைவிடப் பெரியது. தோல் கிழியும், கம்பி அறும், வில்லின் மயிர் உதிரும். மழைக்காலத்தில் மூட்டு தளரும், கோடையில் இறுகும். தொடுதிரையும் பழுதாகத்தான் செய்கிறது. ஆனால், அதைச் சரிசெய்ய வெளியூரிலிருந்து நிறுவனத்தின் ஆள் வரும்வரை ‘பழுது’ என்ற தாள் மாதக்கணக்கில் ஒட்டியிருக்கும்; மூட்டு கிழிந்தால் மாற்றத் தஞ்சாவூரிலும் திருச்சியிலும் கைகள் இருக்கின்றன. மாதம் ஒருமுறை மிருதங்கம் செய்பவர் ஒருவரும் தந்திக் கருவி செய்பவர் ஒருவரும் வந்து பார்ப்பதற்கான ஊதியத்தை, கட்டுமானச் செலவோடு சேர்த்து முதல் மதிப்பீட்டிலேயே எழுத வேண்டும். அவர்கள் வந்து வார் பிடிப்பதையும் சாதம் போடுவதையும் பூட்டிய அறைக்குள் வைக்காமல் பார்வையாளர்களுக்கு நடுவிலேயே செய்யச் சொன்னால், அன்றைக்குக் கூடத்தின் சிறந்த காட்சி அதுவாகவே இருக்கும்.

கடைசியாக, இவை எல்லாம் எந்த இடத்தில் தோற்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். விவரக்குறிப்பில் ‘55 அங்குலத் தொடுதிரை, எண்ணிக்கை 6’ என்று எழுதி ஒப்பந்தப்புள்ளி கோரினால், குறைந்த விலை கொடுத்தவர் தொடுதிரைதான் கொண்டுவந்து மாட்டுவார், அவர்மேல் தவறில்லை. ஐந்து மூட்டுகளைச் செய்யக்கூடியவர் வைப்புத்தொகை கட்டி இணையவழி ஒப்பந்தப்புள்ளியில் கலந்துகொள்ளப் போவதில்லை. எனவே கைவினை சார்ந்த வேலைகளைப் பிரித்துச் சிறு பணியாணைகளாக நேரடியாக வழங்க விதிகளில் உள்ள வழிகளைப் பயன்படுத்த வேண்டும். விவரக்குறிப்பு எழுதும் குழுவில் பேராசிரியர்களோடு மிருதங்கம் செய்பவர் ஒருவர், ஒலிக்கலைஞர் ஒருவர், கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் நீண்டநாள் உதவியாளராக இருந்த ஒருவர் ஆகியோரும் இடம்பெற வேண்டும். மூன்றாமவரை விட்டுவிடாதீர்கள், எந்தக் கருவி எத்தனை மாணவர் கையில் தாங்கும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

நூற்றாண்டுக்கு முந்தைய பிப்ரவரி 28 அன்று, சாய்தளப் பலகையையும் மிருதங்கத் தலைகளையும் மட்டும் முன்மாதிரியாகச் செய்து, திருச்சியில் ஓர் அரசுப் பள்ளியின் அறிவியல் கண்காட்சியில் ஒருநாள் வைத்துப்பார்க்க ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். மாணவர்கள் எங்கே தடுமாறினார்கள், எதை உடைத்தார்கள், எதன் முன்னால் அதிக நேரம் நின்றார்கள் என்பதைக் குறித்துக்கொண்டு, அதன்படி திருத்திய வரைவு விவரக்குறிப்பை ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன் பொதுமக்கள் கருத்துக்காக வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆய்வகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய ஓர் ஆசிரியர்,
திருச்சிராப்பள்ளி.